திரும்பி வரும் கறை

காரின் துணி இருக்கையில் சிந்திய காபியை உடனே துடைத்து, சோப்பு நீர் விட்டுத் தேய்த்து, கறை போய்விட்டது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகும், மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே கறை, பெரும்பாலும் முன்னைவிட அகன்று, விளிம்பில் ஒரு பழுப்புக் கோட்டுடன் தோன்றுவதைக் கார் வைத்திருப்போர் பலரும் கண்டிருப்பர். இடையில் புதிதாக எதுவும் சிந்தவில்லை. யாரும் அந்த இருக்கையில் அமரவும் இல்லை. அப்படியிருக்க அந்தக் கறை எங்கிருந்து வந்தது? காரின் உட்புறத்தைத் தூய்மை செய்யும் கருவிகளில் எதை வாங்குவது, எவ்வளவு நீர் தெளிப்பது, வெந்நீர் வேண்டுமா என்பன போன்ற நடைமுறைக் கேள்விகள் அனைத்தும் இந்த ஒரு கேள்வியின் விடையைச் சார்ந்தே நிற்கின்றன.

துணிக்குக் கீழே இருப்பது

கார் இருக்கையின் மேல்துணி பெரும்பாலும் பாலியஸ்டர் இழையால் ஆனது. அதன் அடியில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு ஃபோம் படலம் ஒட்டப்பட்டிருக்கும். அதற்கும் கீழே அமர்பவரின் எடையைத் தாங்கும் தடித்த பாலியூரித்தேன் ஃபோம் இருக்கும். காலடியில் விரிக்கப்பட்டிருக்கும் கார்ப்பெட்டும் இப்படிப்பட்ட ஓர் அடுக்கமைப்பே: மேலே பாலியஸ்டர் அல்லது நைலான் இழைகள், அவற்றைப் பிணைத்து நிறுத்தும் ஒரு முதுகுப்பரப்பு, அதன் கீழே ஒலியையும் அதிர்வையும் அடக்குவதற்கான ஃபோம் அல்லது கழிவுத்துணி நார்களை அழுத்திச் செய்த மெத்தை.

பாலியஸ்டர் இழை நீரை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. இயல்பான அறைக்காற்றில் அது தன் எடையில் 0.4 விழுக்காடு ஈரத்தையே கொள்ளும்; நைலான் ஏறத்தாழ 4 விழுக்காடு கொள்ளும். ஆகவே சிந்திய காபியின் மிகப்பெரும் பகுதி இழைக்குள் நுழையாமல், இழைக்கும் இழைக்கும் நடுவிலுள்ள சந்துகளிலும், ஃபோமின் நுண்ணறைகளிலும் தங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் கறை மேல்துணியின் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருப்பது மட்டுமே. அதன் முதன்மைச் சேமிப்பு கீழே இருக்கிறது. துணியால் துடைப்பவர் மேலே இருப்பதை எடுக்கிறார்; சோப்பு நீர் ஊற்றித் தேய்ப்பவரோ மேலே இருப்பதில் ஒரு பகுதியையும் கீழே அனுப்பி, அங்கே ஏற்கெனவே இருப்பதைக் கரைத்து, எளிதில் நகரக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.

நீர் ஏறும் வழி

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் போலவே, நெருக்கமான இழைகளுக்கு இடையிலுள்ள குறுகிய வழிகள் நீரை எத்திசையிலும், புவியீர்ப்புக்கு எதிராகவும் இழுத்துச் செல்கின்றன. இதனை நுண்புழையேற்றம் என்பர். மேல்துணியின் இழைநுனிகள் காற்றில் வெளிப்பட்டிருப்பதால் நீர் அங்கேதான் ஆவியாகிறது. ஆவியான இடத்தை நிரப்பக் கீழிருந்து மேலும் நீர் ஏறுகிறது. ஏறும் நீர், தான் கரைத்து வைத்திருக்கும் சர்க்கரை, பால்புரதம், காபியின் நிறப்பொருள் ஆகியவற்றையும் உடன் சுமந்து வருகிறது. நீர் மட்டுமே ஆவியாகும்; சுமந்து வந்தவை இழைநுனியிலேயே படிந்துவிடும். இரவு முழுவதும் இந்த ஏற்றம் மெல்ல நிகழ்ந்து, ஃபோமின் ஆழத்தில் பரவிக் கிடந்த பொருள்களை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரே தளத்தில் திரட்டி வைக்கிறது. மறுநாள் தோன்றும் கறை உலர்தலின் விளைவு என்று சொல்வதே சரி.

விளிம்பில் தோன்றும் பழுப்புக் கோட்டுக்கும் இத்தகைய காரணமே உண்டு. மேசையில் சிந்திய காபித்துளி உலரும்போது நடுப்பகுதி வெளிறி விளிம்பு மட்டும் கருத்துப்போவது ஏன் என்பதை, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் உடனாய்வாளர்களும் 1997-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினர். துளியின் விளிம்பு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்க, அங்கே இழக்கப்படும் நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து திரவம் வெளிநோக்கி ஓடுகிறது. மிதக்கும் துகள்களும் அதனுடன் சென்று விளிம்பில் குவிகின்றன. துணியில் இழைகளின் அமைப்பு இதைச் சற்றுச் சிக்கலாக்கினாலும், ஈரமும் உலர்வும் சந்திக்கும் எல்லையில் கரைபொருள் குவிகிறது என்னும் அடிப்படை மாறுவதில்லை.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. கறையைக் கரைப்பது பாதி வேலைதான். கரைத்த நீரை, அது ஆவியாகும் முன்பே, திரவமாகவே வெளியே எடுத்துவிடுவதுதான் மற்றப் பாதி. இரண்டாம் பாதியைச் செய்யாமல் விடுவதைவிட முதல் பாதியைத் தொடங்காமலே இருப்பது சில வேளைகளில் மேல்.

தெளித்து உறிஞ்சும் கருவி

இவ்விரு வேலைகளையும் சேர்த்துச் செய்வதற்காக அமைந்ததே கார் டீட்டெய்லிங் கடைகளில் கார்ப்பெட் எக்ஸ்ட்ராக்டர் என்று அழைக்கப்படும் கருவி. அதனை இங்குத் தெளித்துறிஞ்சி எனலாம். தூய நீருக்கு ஒரு தொட்டி, அதை மெல்லிய தாரையாகத் தெளிக்க ஒரு சிறு பம்பு, ஒரு குழாய், குழாயின் முனையில் சந்து போன்ற வாயுள்ள ஒரு கைப்பிடி, நீரையும் காற்றையும் சேர்த்து இழுக்கும் மோட்டார், இழுத்த நீர் விழ ஓர் அழுக்குத் தொட்டி என்பவை அதன் உறுப்புகள். தூசியை மட்டும் எடுக்கும் சாதாரண வேக்கம் கிளீனர்கள் பலவற்றில் உள்ளிழுத்த காற்றே மோட்டாரைக் குளிர்விக்கிறது; ஆகவே அவற்றால் நீரை எடுக்க முயல்வது மின்னதிர்ச்சிக்கும் மோட்டார் எரிவதற்கும் வழிவகுக்கும். நீரை எடுக்கும் கருவிகளில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குத் தனிப்பாதை உண்டு. அழுக்குத் தொட்டி நிரம்பினால் உறிஞ்சலை நிறுத்த ஒரு மிதவையும் உண்டு. ஆனால் நுரையை மிதவையால் உணர முடியாது. அதிக நுரை தரும் ஷாம்புவைத் தொட்டியில் ஊற்றுவோரின் கருவிகள் விரைவில் பழுதாவது இதனால்தான்.

இழுப்பதும் தள்ளுவதும்

கருவி நீரை இழுக்கிறது என்பது பேச்சுவழக்கு. உண்மையில் கருவி தன்னுள் அழுத்தத்தைக் குறைக்கிறது. சுற்றியுள்ள வளிமண்டலமே நீரை உள்ளே தள்ளுகிறது. 1640களில் இத்தாலியின் எவான்ஜெலிஸ்டா டோரிசெல்லி காட்டியபடி, முழு வளிமண்டல அழுத்தமும் சேர்ந்து நீரை ஏறத்தாழ 10.3 மீட்டர் உயரத்துக்கே தள்ள வல்லது. தெளித்துறிஞ்சிகள் இதில் ஒரு பகுதியையே பயன்படுத்துகின்றன. இந்தியாவிலும் விற்பனையாகும் கார்ச்சர் புட்ஸி 10/1 போன்ற தொழில்முறைக் கருவியில் அழுத்தக் குறைவு ஏறத்தாழ 220 மில்லிபார், அதாவது 2.2 மீட்டர் நீர்த்தம்பத்துக்கு ஈடானது. காற்றோட்டம் நொடிக்கு 50 லிட்டருக்குச் சற்று மேல்.

விளம்பரங்கள் பெரும்பாலும் மோட்டாரின் வாட் அளவையே பெரிதாகக் காட்டுகின்றன. வாங்குபவருக்குப் பயன்படுபவை மேற்சொன்ன இரண்டு எண்களும்தான். அவற்றில் ஒன்று மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை. கைப்பிடியின் வாயைக் கையால் முழுதும் அடைத்தால் அழுத்தக் குறைவு உச்சத்தை எட்டும். ஆனால் காற்று ஓடாததால் குழாயில் நீர் நகராது. வாயைத் துணியிலிருந்து தூக்கிப் பிடித்தால் காற்று தாராளமாக ஓடும். ஆனால் ஃபோமிலிருந்து நீரைப் பெயர்க்கும் அழுத்த வேறுபாடு இராது. இரண்டுக்கும் நடுவில், வாய் துணியோடு சீராகப் படிந்து, துணியின் ஊடாகக் காற்று நுழைந்து, தன்னுடன் நீர்ப்படலத்தையும் அடித்துக்கொண்டு வரும் நிலையில்தான் வேலை நடக்கிறது.

நீர் எத்தனை குறுகிய சந்தில் இருக்கிறதோ அத்தனை உறுதியாகப் பிடிபட்டிருக்கும். சோப்பு கலந்த நீர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள புழையில் இருந்தால் அதைப் பெயர்க்க ஏறத்தாழ 12 மில்லிபார் போதும். நூறில் ஒரு பங்கு அகலமாயின் ஏறத்தாழ 120 மில்லிபார் தேவை. எனவே 220 மில்லிபார் கருவி மிக நுண்ணிய சந்துகளையும் வெறுமையாக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். நடப்பது வேறு. அகன்ற புழைகள் முதலில் வெறுமையாகின்றன. அவை வெறுமையானதும் காற்று அந்த எளிய வழிகளிலேயே ஓடத் தொடங்க, அழுத்த வேறுபாடு தளர்ந்து, நுண்புழைகளில் உள்ள நீர் அங்கேயே நின்றுவிடுகிறது. எந்தக் கருவியும் கடைசிச் சொட்டுவரை எடுக்காததன் காரணம் இதுவே. கைப்பிடியை மெதுவாக இழுப்பவருக்கு, வேகமாக இழுப்பவரைவிட, அதே கருவியிலிருந்து அதிக நீர் கிடைப்பதும் இதனால்தான்: ஒவ்வொரு புழையும் வெறுமையாகச் சிறிது நேரம் வேண்டும்.

ஒரு குவளை காபியின் கணக்கு

இருக்கையில் 150 மி.லி. பால்காபி சிந்தியதாகக் கொள்ளலாம். அதில் 10 கிராம் சர்க்கரையும், ஏறத்தாழ 100 மி.லி. பாலிலிருந்து வரும் புரதம், கொழுப்பு, பாற்சர்க்கரை ஆகிய மூன்றும் சேர்ந்து 12 கிராமும், மொத்தம் 22 கிராம் திடப்பொருள் இருக்கும். காபியின் நிறப்பொருள் எடையில் சிறிது. கண்ணுக்கு உறுத்துவது அதுவே என்றாலும், பின்னாளில் நாற்றமெடுப்பதும் பிசுபிசுப்பதும் பாலும் சர்க்கரையும்தான். உலர்ந்த பருத்தித் துணியை அழுத்தி வைத்து உடனே ஒற்றியெடுத்தால் பாதி வெளியேறிவிடும். தேய்க்காமல் ஒற்றுவதே முறை. மீதி 75 மி.லி. திரவமும் 11 கிராம் திடப்பொருளும் இருக்கைக்குள் இருக்கின்றன. சோப்புக் கரைசல் 25 மி.லி. தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டால், உள்ளே இருப்பது 100 மி.லி.

இனி, அலச 1,200 மி.லி. தூய நீர் இருக்கிறது என்றும், கருவி எப்போதும் இருக்கையில் 100 மி.லி. மட்டும் மிச்சம் வைத்து மற்றதை எடுத்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த நீர் முழுவதையும் ஒரேயடியாகத் தெளித்து உறிஞ்சினால், உள்ளே இருந்த 1,300 மி.லி.யில் பதின்மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். அதாவது 11 கிராமில் ஏறத்தாழ 0.85 கிராம் இருக்கையிலேயே தங்கும். அதே நீரை 400 மி.லி. வீதம் மூன்று முறையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் முழுதாக உறிஞ்சிய பின்பே அடுத்ததைத் தெளித்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கே மிஞ்சும்: 11 கிராம் முதலில் 2.2 ஆகவும், பின்னர் 0.44 ஆகவும், இறுதியில் 0.09 கிராமாகவும் குறைகிறது. நீரின் அளவு ஒன்றே. மிஞ்சிய அழுக்கு மட்டும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிட்டது. வேதியியல் ஆய்வகங்களில் ஒரு கரைசலிலிருந்து பொருளைப் பிரித்தெடுப்போர் கரைப்பானைச் சிறு சிறு பங்குகளாகப் பயன்படுத்துவதற்கும் இதே கணக்குதான் அடிப்படை.

இப்போது ஒரு வலுவற்ற கருவியை எண்ணிப் பார்க்கலாம். அது ஒவ்வொரு முறையும் இருக்கையில் 300 மி.லி. நீரை விட்டுவைக்கிறது, மற்றவை எல்லாம் அப்படியே. மூன்று சுற்றுகளின் முடிவில் மிஞ்சும் திடப்பொருள் 1.2 கிராம். அதாவது, வலுவான கருவியை மிக மோசமான முறையில் ஒரேயொருமுறை பயன்படுத்தியதைவிடவும் விளைவு தாழ்ந்தது; அத்துடன் உலர வேண்டிய நீரும் மூன்று மடங்கு. உண்மையான இருக்கையில் நீரும் அழுக்கும் இத்தனை சீராகக் கலப்பதில்லை என்பதாலும், ஆழத்தில் உள்ளவை மெதுவாகவே வெளிவரும் என்பதாலும், நடைமுறை எண்கள் இவற்றைவிடச் சற்று மோசமாகவே அமையும். ஆனால் ஒப்பீடு மாறாது. கருவியின் தரம் அது தெளிக்கும் நீரில் இல்லை. அது விட்டுவைக்கும் நீரில்தான் இருக்கிறது.

இதனால்தான் தேர்ந்த தொழிலாளர்கள் விசையை அழுத்தித் தெளித்துக்கொண்டே ஒரு முறை இழுத்தால், விசையை விட்டுவிட்டு வெறும் உறிஞ்சலாக அதே தடத்தில் இரண்டு மூன்று முறை இழுக்கின்றனர். கைப்பிடியின் முகப்பு ஒளி ஊடுருவுவதாக இருந்தால், அதன் வழியே ஓடும் நீர் கலங்கலாக இருக்கும்வரை அலசலையும், நீர் ஓட்டம் தென்படும்வரை உறிஞ்சலையும் தொடரலாம். கண்ணாடி போன்ற அந்த முகப்பு கூடுதல் அழகு அன்று. வாங்கும்போது வலியுறுத்திக் கேட்க வேண்டிய உறுப்பு.

வெப்பம், வேதிப்பொருள், நீரின் உப்பு

வேலை தொடங்கும் முன் உலர்ந்த மண்ணை வேக்கம் கிளீனரால் எடுத்துவிடுவது இன்றியமையாதது. எடுக்காத மண் நீர்பட்டதும் சேறாகி ஆழத்துக்குப் போகும். அதன்பின் கறையின் இயல்பைப் பார்க்க வேண்டும். வெந்நீர் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும், சோப்பின் வேலையை விரைவுபடுத்தும். ஆனால் பாலின் சில புரதங்கள் 70 டிகிரி செல்சியசை ஒட்டி உருக்குலைந்து இழையோடு இறுகிக்கொள்ளும். ஆகவே பால், முட்டை, இரத்தம் ஆகியவற்றுக்கு முதல் அலசல் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரிலேயே நடக்க வேண்டும். புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த கரைசல்கள் 40 டிகிரியை ஒட்டி நன்கு வேலை செய்கின்றன. அவற்றுக்குத் தேவைப்படுவது சில நிமிடப் பொறுமை. காபி, தேநீர்க் கறைகள் காரத்தன்மையுள்ள கரைசலில் பழுப்பேறக்கூடும் என்பதால், சற்றே அமிலத்தன்மையுள்ள கரைசலால் முடிப்பது நன்று. எதை இட்டாலும் இறுதி அலசல் வெறும் நீராக இருக்க வேண்டும். எஞ்சிய சோப்பு உலர்ந்து பிசுபிசுத்து, அடுத்த வாரத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அந்த வெறும் நீர் எந்த நீர் என்பதும் முக்கியம். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தரநிலை வரையறுக்கிறது. சென்னையிலும் பிற ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாகவே இருக்கிறது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீர் 300 மி.லி. அளவு கார்ப்பெட்டில் தங்கி உலர்ந்தால் 0.3 கிராம் உப்பு இழைநுனிகளில் வெள்ளையாகப் பூக்கும். கறுப்புக் கார்ப்பெட்டில் அது கறையாகவே தோன்றும். வீட்டு ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைக் கார் கழுவப் பயன்படுத்தும் நல்ல பழக்கம் பலரிடம் உண்டு. வெளிப்புறத்தின் முதல் கழுவலுக்கு அது பொருந்தும், உட்புறத்துக்குப் பொருந்தாது. உப்பு அதில்தான் செறிந்திருக்கிறது.

உலர்த்தல்

ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியில் ஆவியாக்க ஏறத்தாழ 2,430 கிலோஜூல் ஆற்றல் தேவை. 1,250 வாட் கருவி ஒன்று 32 நிமிடம் ஓடினால் செலவாகும் மின்சாரத்துக்கு அது ஈடு. அதே கருவி ஒரு லிட்டர் நீரைத் திரவமாகவே ஓரிரு நிமிடங்களில் எடுத்துவிடும். உறிஞ்சக்கூடிய நீரை வெயிலுக்கும் மின்விசிறிக்கும் விட்டுவைப்பது எந்தக் கணக்கிலும் சரியன்று.

கடலோர ஊர்களில் இது இன்னும் கூர்மையாகிறது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று உச்ச அளவாக ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் மேலும் ஏழரை கிராமுக்கே இடமிருக்கிறது. காரின் உள்ளறை ஏறத்தாழ 3 கனமீட்டர். ஆகவே கண்ணாடிகளை ஏற்றி மூடிய காரின் காற்று, இருக்கையிலிருந்து 23 கிராம் நீரை, அதாவது ஒன்றரை மேசைக்கரண்டியை, ஏற்றதும் நிறைந்துவிடும். வெயிலில் நிறுத்தினால் உள்வெப்பம் 60 டிகிரியைத் தாண்டி இன்னும் பல மடங்கு ஈரம் காற்றில் ஏறும் என்பது உண்மையே. கண்ணாடி மூடியிருந்தால் இரவில் அது கண்ணாடியிலும் கூரைத்துணியிலும் பனித்து மீண்டும் உள்ளேயே இறங்கும். வறண்ட நாளில் கதவுகளைத் திறந்து மின்விசிறி வைப்பதும், மழைநாளில் கண்ணாடிகளை மூடி ஏ.சி.யை ஓடவிடுவதும் சரியான வழிகள். ஓடும் காரின் அடியில் சொட்டும் ஏ.சி. நீர் உள்ளறையின் காற்றிலிருந்து பிரிந்து வருவதே. ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் போகாவிட்டால் பூஞ்சை வேரூன்றத் தொடங்கும்.

இங்கு ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்களைப் போன்றவற்றுக்குத் தெளித்துறிஞ்சி தீர்வாகாது. கார்ப்பெட்டின் முதுகுப்பரப்பைக் கடந்து அடிமெத்தையில் தேங்கிய, சாக்கடை கலந்த நீரை மேலிருந்து எடுக்க முடியாது. இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, அடிமெத்தையைத் தனியே உலர்த்தியோ மாற்றியோதான் ஆக வேண்டும். இருக்கைக்கு அடியில் ஏர்பேக்குக்கான மின்னிணைப்புகள் இருப்பதால் அது பயிற்சி பெற்றவரின் வேலை. சாதாரணத் தூய்மையின்போதும் இருக்கையை நீரில் முழுக்காட்டக் கூடாது என்பதற்கு அந்த மின்னிணைப்புகளும் ஒரு காரணம்.

எதை வாங்குவது

ஒரே ஒரு காரை வைத்திருப்பவருக்கு, ஈரமும் உலர்வும் இரண்டையும் எடுக்கும் வேக்கம் கிளீனர் ஒன்றும் கைத்தெளிப்பான் ஒன்றும் பெரும்பாலும் போதும்; துணிக்கான ஒடுங்கிய வாயைச் சேர்த்து வாங்கினால், தெளிப்பையும் உறிஞ்சலையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் நன்மை கிடைக்கிறது. கையில் தூக்கிச் செல்லும் சிறு கறைநீக்கிகள் சிந்திய உடனே எடுப்பதற்கு ஏற்றவை. முழு இருக்கைக்கு அவற்றின் காற்றோட்டம் போதாது. வாரத்துக்குப் பல கார்கள் வரும் கடைக்கு 8 முதல் 10 லிட்டர் தொட்டியுள்ள தொழில்முறைக் கருவி வேண்டும். நீரைச் சூடாக்கும் வகை எண்ணெய்ப்பசை மிகுந்த வாடகைக் கார்களில் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அழுத்தம் மிகுந்த பம்பு அழுக்கை ஃபோமின் ஆழத்துக்கே அனுப்பும் என்பதால், அழுத்தத்தைக் குறைக்க வழியில்லாத கருவியைக் காருக்கு வாங்காமலிருப்பதே நல்லது. குழாய் நீள நீளக் காற்றோட்டம் குறையும். காரின் கதவோரம் கருவியை வைத்துக்கொள்ள முடிகிறபோது இரண்டு, இரண்டரை மீட்டர் குழாயே போதுமானது.

எந்தக் கருவியாயினும், வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லலாம். தூய நீர்த் தொட்டியில் 2 லிட்டர் அளந்து ஊற்றி, ஒரு துணி இருக்கையில் முழுவதையும் பகுதி பகுதியாகத் தெளித்து உறிஞ்சச் செய்து, அழுக்குத் தொட்டியில் சேர்ந்ததை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு கருவிகளை ஒரே இருக்கை வகையில் இப்படி ஒப்பிட்டால், எதில் அதிக நீர் திரும்பி வந்ததோ அதையே வாங்கலாம்; வாட் அளவும் விலையும் அதற்குப் பின்புதான்.